துண்டு துண்டாய் வந்த பெயர்

இதை எழுதுகிறவன் மங்கையை முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரரைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். செஞ்சி பேருந்து நிலையத்துக்கு எதிர்வரிசையில் இருந்த கடை அது. வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப வந்த ஒரு பெண் தன் சான்றிதழ்க் கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தாள். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "தமிழ்ல பேர் வெச்சா மெயில் போகாதும்மா, இங்கிலீஷ்ல மாத்திக்கோ" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். பிரிண்ட் எடுக்க நின்றிருந்த மங்கைக்கு அது போதுமாக இருந்தது.

"போகாதுன்னு உங்களுக்கு எவன் சொன்னான்?"

"எல்லாரும் சொல்றாங்கம்மா."

"எல்லாரும்னா யாரு? பேரச் சொல்லுங்க. நான் போயி அவன்கிட்டயே கேக்கறேன்."

"இன்னாம்மா நீ, நான் இன்னா உன் சொத்தையா எழுதிக் கேட்டேன்?"

"சொத்த எழுதிக் கேட்டாக்கூட பேசிப் பாக்கலாம். பேர மாத்துன்னு சொல்றீங்களே!"

நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் கோப்பைப் பெயர் மாற்றாமல் தன் முகவரிக்கே அனுப்பினாள். போனை எடுத்துக் கடைக்காரர் மூக்குக்கு நேராக நீட்டினாள். கோப்பு வந்திருந்தது, தமிழ்ப் பெயர் ஒரு எழுத்துச் சிதையாமல்.

"இன்னா, போச்சா?"

"போச்சும்மா போச்சு. வட்டிக்காரன் மாதிரி கரெக்டா வந்து நிக்குது. நீ கெளம்பு."

சிரித்தவர்களில் இதை எழுதுகிறவனும் ஒருவன். மங்கை சிரிக்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபமா என்று வெளியே வந்து கேட்டதற்கு, "சின்ன விஷயமா?" என்று ஒரு முறை முறைத்தாள். அதன்பிறகு பல நாள், பல இடங்களில் அவள் சொல்லியும் மற்றவர்கள் சொல்லியும் தெரிந்துகொண்டது இது.

மங்கைக்குச் சொந்த ஊர் தளவானூர். பல்லவன் குடைந்த கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் வழி கேட்டு வரும் ஊர். அவர்கள் யாரும் வழி கேட்காத பக்கத்தில் இருக்கிறது அவள் வீடு. அந்த வீட்டில் எந்தத் தலைமுறைக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் இருந்ததில்லை. அம்மா அமிர்தவல்லி அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கியும் நாற்று நட்டும் அவளைப் படிக்க வைத்தாள். நைனா செங்கல் சூளையில் வேலை செய்து, இருமி இருமி, அவள் கல்லூரி சேர்ந்த வருஷமே போய்விட்டார். அரசுக் கல்லூரியில் கணினி அறிவியல் பட்டம் வாங்கி, அந்த வம்சத்தில் பட்டதாரி என்று எழுதிக்கொண்ட முதல் ஆள் அவள்தான்.

கோபம் பட்டத்தோடு வந்தது அல்ல, முன்பே இருந்தது. கல்லூரி கணினி ஆய்வகத்தில் முன்வரிசை மிஷின்கள் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளுக்கு என்று ஒரு வழக்கம் நடந்துகொண்டிருந்தது. எழுதி வைத்த விதி இல்லை. ஆனாலும் தமிழ் மீடியம் பிள்ளைகள் தாமாகவே பின்னால் போய், ஒரு மிஷினுக்கு மூன்று பேராக ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள். மங்கை முதல் வாரமே முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். "இது யார் எடம்னு தெரியுமா?" என்று ஆய்வக உதவியாளர் கேட்டார். "ஃபீஸ் கட்டுனவங்க எடம் சார்" என்றாள். மூன்று வருஷமும் அந்த இடத்தை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

படித்து முடித்ததும் பத்மகுமாரிடம் வேலைக்குச் சேர்ந்தாள். பத்மகுமார் இந்தப் பக்கத்துப் பழைய ஜைனக் குடும்பம். அப்பா அரிசி மண்டி வைத்திருந்தார். மகன் சென்னையில் கொஞ்ச காலம் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, மண்டிக்கு மேலே இருந்த மாடி அறையில் ஐந்து கம்ப்யூட்டர்களைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சுற்றுவட்டாரப் பட்டதாரிகளைத்தான் வேலைக்கு எடுப்பார். சாப்பாட்டு நேரத்தில் தன் வீட்டிலிருந்து வரும் கூட்டை எல்லாருக்கும் பங்கு வைப்பார். அவரைப் பற்றி இன்றைக்கும் மங்கை அளவோடுதான் பேசுவாள். "மனுசன் நல்லவரு. பயந்தவரு. ரெண்டும் ஒண்ணா இருந்தா நல்லது எப்பவும் தோத்துப்போவும்" என்பாள்.

அந்த அறையில் மூத்தவன் விமல்ராஜ். பனமலைக்காரன். அவனும் வீட்டில் முதல் பட்டதாரி. கைவேகம் உள்ளவன். மங்கை வந்த புதிதில் வேலை சொல்லிக் கொடுத்ததெல்லாம் அவன்தான்.

சென்னையில் ஒரு டிரஸ்ட். கிராமத்துப் பட்டதாரிகளுக்கு ஒரு வருஷம் லேப் டெக்னீஷியன் பயிற்சி. தங்குவதும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. முடித்தால் ஆஸ்பத்திரியில் வேலை. விண்ணப்பத்தை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், பட்டச் சான்றிதழை இணைக்க வேண்டும். வந்து குவியும் மின்னஞ்சல்களைப் பிரித்துச் சான்றிதழை எடுத்து அடுக்கித் தரும் வேலை பத்மகுமாருடையது. அதற்கான புரோகிராமை எழுதியவன் விமல்ராஜ். சான்றிதழ் இல்லாத மின்னஞ்சலுக்கு அதுவே பதில் போட்டுவிடும்: இணைப்பு இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நிராகரித்தால் நிராகரித்ததுதான், அந்த வருஷம் மறுபேச்சு கிடையாது.

கடைசித் தேதி முடிந்த மறுநாள், மத்தியானம், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பாவாடை ஏறி வந்தார். தளவானூரில் மங்கை வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர், உறவில் சித்தப்பா முறை. செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். தலையில் கட்டியிருந்த துண்டு நிறைய நெல் தூசு. பின்னால் மகள் அனு, அழுது முடித்த முகத்தோடு.

"இன்னா சித்தப்பா, இந்நேரத்துக்கு? லோடு இல்லியா?"

"லோடு கெடக்குது. இவள கேளு. ஒரு காயிதத்த ஒட்டி அனுப்பத் தெரில. மூணு வருசம் காலேஜி போனா மகாராணி."

"நைனா, நான் ஒட்டித்தான் அனுப்பனேன்."

"அப்ப அவன் ஏன் இல்லன்றான்? அவனுக்கும் உனுக்கும் இன்னா வாய்க்கா வரப்புத் தகராறா?"

அனுவுக்கு அது கடைசி வருஷம். டிரஸ்ட் வைத்த வயது வரம்பை அடுத்த வருஷத்துக்குள் அவள் தாண்டிவிடுவாள். இந்தப் பயிற்சி கிடைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை யார் என்பதுகூட முடிவாகியிருந்தது.

அனுவின் போனுக்கு வந்திருந்த நிராகரிப்புப் பதிலை மங்கை படித்தாள். பிறகு அவள் பேசியதை இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றும்.

"கிளிப் மாதிரி ஒண்ணு இருக்கும். அத அமுக்கனியா?"

"அமுக்கனேன்க்கா."

"அமுக்கனா ஏன்டி போகல? டிகிரி முடிச்சவதான நீ?"

அனு நிமிர்ந்து பார்த்தாள். "நீயும் இப்டித்தான் கேப்பியாக்கா?" என்றாள். போனைத் திறந்து, அனுப்பியவை இருக்கும் இடத்தைக் காட்டினாள். மின்னஞ்சல் இருந்தது. இணைப்பு இருந்தது. பதில் வந்ததும் பயந்துபோய் மறுபடி அனுப்பியது, அதற்கும் அதே பதில் வந்து இன்னொரு முறை அனுப்பியது, எல்லாவற்றிலும் சான்றிதழ் பத்திரமாக இருந்தது.

மங்கைக்குக் காது சூடாகிவிட்டது. "சித்தப்பா, நீங்க போயி லோடு எறக்குங்க. இது இவ தப்பு இல்ல" என்று மட்டும் சொன்னாள்.

அவர்கள் படியிறங்கியதும் அனுவின் மின்னஞ்சலைச் சர்வரில் தேடி எடுத்து, அழகுபடுத்தாமல், வந்தபடியே திறந்தாள். வழக்கமாக நாம் பார்ப்பது மின்னஞ்சலின் முகம். அதன் முதுகுப்புறத்தில் வரிவரியாகத் தலைப்புகள் இருக்கும்: யார் அனுப்பியது, யாருக்கு, எப்போது, இணைத்த கோப்பின் பெயர் என்ன. அனு வைத்த பெயர் இது: "அனு த.பெ. பாவாடை தளவானூர் காலனி செஞ்சி வட்டம் பட்டச் சான்றிதழ்."

ஒரு கோப்புக்கு இவ்வளவு நீளமாக யார் பெயர் வைப்பார்கள்? தாலுகா ஆபீசில் ஒரு தடவையாவது நின்றிருக்கும் இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாருமே வைப்பார்கள். வெறும் பெயர் மட்டும் எழுதிய காகிதம் வேறு எவனுடைய காகிதக் கட்டுக்குள்ளோ போய்ச் சேரும். சாதிச் சான்றிதழுக்குக் கொடுத்த காகிதம் காணாமல் போய், மறுபடி எழுதிக் கொடுத்து, கூலி வேலையை விட்டுவிட்டு மறுபடி போய் நின்றவர்கள் பெற்ற பிள்ளைகள் இவர்கள். தன் பெயர், தகப்பன் பெயர், ஊர், வட்டம், என்ன காகிதம் என்று பின்பக்கம் எழுதாமல் எதையும் கையை விட்டுக் கொடுக்கக் கூடாது என்பது இவர்களுக்குச் சோறு ஊட்டும்போதே ஊட்டிய பாடம். காகிதம் போய் போன் வந்தது, பழக்கம் போகவில்லை. 'ரெஸ்யூம் ஃபைனல்' என்று கோப்புக்குப் பெயர் வைத்து அனுப்பும் தைரியம், தன் காகிதம் ஒருநாளும் தொலைந்ததில்லை என்கிறவனுக்குத்தான் வரும்.

மின்னஞ்சல் பிறந்த காலத்தில் அதன் தலைப்பு வரிகளில் ஆங்கில எழுத்தைத் தவிர வேறு எழுத்துக்கு இடம் இல்லை. அதனால் தமிழ் அங்கே வேஷம் கட்டிக்கொண்டுதான் பயணம் போகும். கணினிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று எண்களாக இருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் ஒரு சதவீதக் குறியாகவும் அதன் பின்னால் இரண்டு எழுத்தாகவும் மாறும். கால், கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனியாக இந்த வேஷம் உண்டு. 'அனு' என்ற இரண்டெழுத்துப் பெயரே ஒரு முழம் நீண்டுவிடும். ஊரும் வட்டமும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். ஒரு வரி இவ்வளவு நீளத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் விதி இருப்பதால் அனுப்பும் மென்பொருள் பெயரைத் துண்டு போட்டுவிடும். ஃபைல்நேம் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி, ஒரு பூஜ்யம், இன்னொரு நட்சத்திரக் குறி என்று வந்தால் அது முதல் துண்டு. பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று என்றால் அடுத்த துண்டு. அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குக் கிளம்பும் குடும்பம் கூட்டத்தில் ஒரே பஸ்ஸில் ஏற முடியாமல் நாலு ஸ்பெஷல் பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம் தொற்றிக்கொண்டு போகும் அல்லவா, அது மாதிரி. இறங்கும் இடத்தில் நிற்கிறவன் வேலை, வருகிற எல்லாரையும் வரிசையாகச் சேர்த்து ஒரே குடும்பமாக்கிக் கூட்டிப் போவது.

விமல்ராஜின் புரோகிராம் ஒரே பஸ்ஸில் வந்த குடும்பத்தை மட்டும்தான் குடும்பம் என்று ஒத்துக்கொண்டது. துண்டாக வந்த பெயரை அது பார்க்கவே இல்லை. பெயர் இல்லாததால் கோப்பு இல்லை என்று முடிவு கட்டியது. கோப்பு இல்லாததால் நிராகரித்தது. நிராகரித்துவிட்டு, உனக்கு இணைக்கத் தெரியவில்லை என்று பழியையும் அந்தப் பெண் தலையில் போட்டது.

அடுத்த நாள் காலையில் விமல்ராஜ் பையை இறக்கி வைப்பதற்குள் மங்கை ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த மெயில்ல சான்றிதழ் இருக்குதா இல்லியா?"

அவன் எட்டிப் பார்த்தான். "இல்லன்னு காட்டுதே."

"அது காட்டறத கேக்கல. உன்னக் கேக்கறேன்."

அவன் உட்கார்ந்து, முதுகுப்புற வரிகளைப் படித்தான். கெட்டிக்காரன். பார்த்த உடனே அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை ஒத்துக்கொள்வதுதான் நடக்கவில்லை.

"தமிழ்ப் பேருக்கெல்லாம் வேல செய்யும் மங்கை. நானே டெஸ்ட் பண்ணேன்."

"இன்னா பேர் வெச்சு டெஸ்ட் பண்ண?"

"தமிழ்."

"தமிழ்தான். இன்னா பேரு?"

"அதான், 'தமிழ்'னே பேர் வெச்சேன். அழகா வந்துச்சு."

"ஓஹோ. தமிழ், த.பெ. யாரு? எந்த ஊரு? இந்தத் தாலுகாவுல அப்டி ஒருத்தன் விண்ணப்பம் போட்டிருக்கானா, காட்டு பாப்போம்."

"இங்க பாரு, இவ்ளோ நீளமா எவன் பேர் வைப்பான்? இது ஃபைலா, கல்யாணப் பத்திரிகையா? சுற்றமும் நட்பும்னு போடாததுதான் பாக்கி."

"உங்க நைனா தாலுகா ஆபீசுல உன் மார்க் ஷீட் ஜெராக்ஸ குடுக்கறப்ப பின்னாடி இன்னா எழுதுனாரு?"

"அது அப்ப."

"எப்ப வரைக்கும்? நீ இந்தச் சேர்ல வந்து உக்கார்ற வரைக்குமா?"

அதுவரை அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. இப்போது அவனுக்கும் ஏறிவிட்டது. "இங்கிலீஷ்ல நாலெழுத்துல ஒரு பேர் வைக்கத் தெரியாதவங்க லேப் டெக்னீஷியன் ஆயி இன்னா கிழிக்கப் போறாங்க?" என்றான்.

மங்கை அடித்துவிடுவாள் என்றே அறையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத ஒரு பெரிய வீட்டுப் புள்ள சொல்லியிருந்தா நான் சிரிச்சிட்டுப் போயிருப்பேன்டா. பனமலை ஏரிக்கரைல மாட்டப் பத்திக்கினு இருந்தவன் வாயிலருந்து வருது பாரு, அதான் வயிறு எரியுது."

"ஊர இழுக்காத."

"ஊர நான் எங்க இழுத்தேன்? நீதான் மொத்த ஊரையும் தூக்கி வெளிய போட்டிருக்க."

சத்தம் கேட்டுப் பத்மகுமார் மேலே வந்தார். "இன்னாப்பா, கீழ மண்டி வரைக்கும் கேக்குது" என்றவர், விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைத் தடவிக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

"எத்தினி பேரு?"

"இன்னும் எண்ணல சார். கொஞ்ச நஞ்சம் இல்ல."

"சரி. அடுத்த வருசத்துக்குள்ள சரி பண்ணிடுங்க. விமல், நோட்டீஸ்ல ஒரு வரி சேத்துடு, ஃபைல் பேரு இங்கிலீஷ்ல இருக்கணும்னு. டிரஸ்ட்டுக்கு வியாழக்கிழமை லிஸ்ட் போவட்டும். இத அவங்கள்ட்ட கிளற வேணாம்."

"கிளறலன்னா இவங்கல்லாம் போனவங்கதானா சார்?"

"மங்கை, சொன்னா இந்த வேல நம்ம கைய விட்டுப் போயிடும். இங்க இருக்கற அஞ்சு பேரும் எங்க போவீங்க?"

"அவங்க எங்க போவாங்கன்னு ஒரு தடவ கேளுங்க சார்."

அவர் கேட்கவில்லை. எழுந்து கீழே போய்விட்டார்.

மங்கை புரோகிராமைத் திறந்து உட்கார்ந்தாள். யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. கோபத்தோடு எழுதினால் கை வேகமாக ஓடும், மூளை பின்தங்கும். அவளுக்கும் அதுதான் நடந்தது. ஒவ்வொரு துண்டையும் எடுத்தாள், அதன் வேஷத்தைக் கலைத்துத் தமிழாக்கினாள், பிறகு வரிசையாக ஒட்டினாள். ஓட்டிப் பார்த்தால் தளவானூர் நடுவில் உடைந்து, ஒரு எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் கேள்விக்குறிகள் நின்றன. பாவாடையின் பெயரிலும் அப்படியே. எச்சில் இலையை நாய் கவ்விக் குதறியது போல இருந்தது. "உனக்கும் கொழுப்பா?" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள்.

மத்தியானம் சாப்பிடாமல் அதையே முறைத்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது. துண்டு போட்ட மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது, எழுத்து எங்கே முடிகிறது என்று பார்த்து அது வெட்டுவதில்லை. ஒரு குறியின் மூன்று எண்ணில் ஒன்று முந்தின துண்டின் வாலிலும் மீதி அடுத்த துண்டின் தலையிலும் போய்விடும். அரைகுறையாக இருப்பதைத் தனியே படித்தால் கேள்விக்குறிதான் மிஞ்சும். முதலில் எல்லாத் துண்டையும் வேஷத்தோடேயே ஒட்ட வேண்டும், ஒட்டி முடித்த பிறகுதான் வேஷத்தைக் கலைக்க வேண்டும். மாற்றி எழுதினாள். அனுவின் பெயர் முழுசாக வந்தது.

அதற்குப் பிறகு அவள் கண்டுபிடித்ததுதான் பெரிய எரிச்சல். அவர்கள் எழுதும் கணினி மொழியோடேயே, மின்னஞ்சலைப் பிரிப்பதற்கென்று ஒரு நூலகம், அதாவது முன்பே எழுதி வைத்த புரோகிராம்களின் தொகுப்பு, இலவசமாக வருகிறது. கோப்பின் பெயர் எந்த வேஷத்தில் வந்தாலும், எத்தனை துண்டாக வந்தாலும் சேர்த்துக் கொடுக்கும் வசதி அதில் பல காலமாக இருக்கிறது. ஒரே ஒரு வரி எழுதினால் போதும். விமல்ராஜ் அதைத் தேடிப் பார்க்காமல், எனக்குத் தெரியாததா என்று தானே எழுதிவிட்டான். மங்கையும் தேடிப் பார்க்காமல்தான் அவன் எழுதியதன் மேல் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவையும் அழித்துவிட்டு அந்த ஒரு வரியைப் போட்டாள். இத்தனை பேர் வருஷத்தைத் தின்றது ஒரு வரிச் சோம்பேறித்தனம் என்று தெரிந்தபோது கத்தக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

நிராகரித்த எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினாள். திரையில் பெயர்கள் மேலேறத் தொடங்கின. தகப்பன் பெயரோடு, சில பேர் தாய் பெயரோடு, தெருவோடு, ஊரோடு. மேல்மலையனூர் பக்கம், தளவானூர் பக்கம். பார்க்க ஒரு கிராமசபைக் கூட்டம் போல இருந்தது. நடுவில் ஒரு பெயரில் அவள் நிறுத்தினாள்.

"விமல், இங்க வா."

அவன் வர மனமில்லாமல் வந்தான். 'இனியன் த.பெ. கலியபெருமாள் ஏரிக்கரைத் தெரு பனமலை' என்று இருந்தது.

அவன் குனிந்து படித்தான். "எங்க தெருதான்" என்றான். பிறகு, "போன வாரம் என்னக் கேட்டான். அண்ணே, என்னுத ஏன் தள்ளிட்டாங்கன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"ஒழுங்கா அட்டாச் பண்ணத் தெரியலடா உனக்குன்னு சொன்னேன்."

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனான். திரும்பி வந்தும் அவன் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. அவள் எழுதிய அந்த ஒரு வரியை அழிக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் மங்கை டிரஸ்ட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். என்ன தவறு, யார் தவறு, எத்தனை பேர் என்று எழுதி, சான்றிதழ்களையும் இணைத்தாள். எந்தக் கோப்பின் பெயரையும் சுருக்கவில்லை. பத்மகுமாருக்கும் ஒரு பிரதி போட்டாள்.

அவர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம அனுப்பிட்டியே!"

"கேட்டேன் சார். நீங்கதான் வேணாம்னீங்க."

மறுநாள் டிரஸ்ட்டிலிருந்து தர்மவதி என்ற அதிகாரி போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, விதி இருந்தது. "ரிஜெக்ட் ஆன விண்ணப்பத்தை மறுபடி எடுக்க எங்க ரூல்ல இடம் இல்லம்மா. வருத்தமாத்தான் இருக்கு."

"இது ரிஜெக்ட் ஆன விண்ணப்பம் இல்ல மேடம். நாங்க படிக்கவே இல்ல. படிச்சிட்டு வேணாம்னு சொல்றதுக்குப் பேருதான் ரிஜெக்ட். கதவத் தட்டறவங்களுக்குத் தொறக்காம உள்ள உக்காந்துக்கினு, யாருமே வரலன்னு எழுதிக் குடுத்திருக்கோம்."

"அடுத்த வருஷம் இவங்களுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லிப் பார்க்கறேன்."

"அடுத்த வருசம் வயசு தாண்டிடுச்சுன்னு எழுதுவீங்க. அப்ப யாரு மேல பழி போடறது, அவங்களப் பெத்தவங்க மேலயா?"

பத்மகுமார் கண்ணை மூடிக்கொண்டார். எதிர்முனையில் தர்மவதி, "லிஸ்ட்ட நிறுத்தி வைக்கறேன். எல்லாத்தையும் படிக்கச் சொல்றேன். படிச்ச பிறகு யாருக்கு இடம், யாருக்கு இல்லன்னு நாங்க சொல்றதுல நீங்க தலையிடக் கூடாது" என்றார்.

"படிச்சாப் போதும் மேடம்" என்றாள் மங்கை.

படித்தார்கள். அனுவை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள், இடமும் கொடுத்தார்கள். பனமலை இனியனையும் கூப்பிட்டார்கள், அவனுக்குக் கிடைக்கவில்லை. இன்னும் நிறையப் பேருக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி மங்கைக்குப் புகார் கிடையாது.

டிரஸ்ட் வேலையைப் பத்மகுமாரிடமிருந்து எடுக்கவில்லை. ஆனாலும் அந்த வாரக் கடைசியில் அவர் மங்கையைத் தனியே உட்கார வைத்தார். "நீ பண்ணது தப்புன்னு நான் சொல்லல. ஆனா இனிமே ஒரு வேலைய உங்கிட்டக் குடுத்துட்டு நான் எப்டி நிம்மதியாத் தூங்கறது?" என்றார். "தூங்கறதுக்கு நான் எதுக்கு சார், நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கியவள் அதன்பிறகு அந்தப் படியேறவில்லை.

சேதி கேட்டு மார்க்கெட் கமிட்டி வாசலில் பாவாடை அவளை மறித்துக்கொண்டார்.

"வேல போச்சாமே?"

"நானே வந்துட்டேன் சித்தப்பா."

"இன்னா கோவம்டி உனுக்கு! அவன் படிக்கலன்னா இன்னொரு வாட்டி அனுப்பிட்டுப் போறோம். எங்களுக்கு இது புதுசா? இதுக்குப் போயி வேலய வுடுவாங்களா?"

"மூணு வாட்டி அனுப்பனா சித்தப்பா. ஒழுங்கா அனுப்பனா. அப்பவும் நீங்க அவளத்தான திட்டனீங்க. நானும் அவளத்தான திட்டனேன். அவன ஒருத்தராவது கேட்டமா?"

பாவாடை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் போய்விட்டார்.

அனு இப்போது சென்னையில் பயிற்சியில் இருக்கிறாள். விமல்ராஜ் அதே மாடியறையில் வேலை பார்க்கிறான். விண்ணப்ப நோட்டீசில் கோப்பின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று பத்மகுமார் அவனைச் சேர்க்கச் சொன்ன வரி இதுவரை வரவில்லை. மங்கையும் அவனும் பேசிக்கொள்வதில்லை. மங்கை செஞ்சியிலேயே, காந்தி பஜாருக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் அம்மாவோடு இருக்கிறாள். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு, நோயாளிகள் அனுப்பும் மின்னஞ்சல்களைப் பிரித்து அடுக்கும் புரோகிராமை அந்த அறையிலிருந்தே எழுதித் தருகிறாள். அமிர்தவல்லி கொல்லை வேலைக்குப் போவதை நிறுத்தியாகிவிட்டது. மங்கைக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.